ஒருவழியாகக் கயிறு நிறைய ஹாப்ஸ்

இந்தக் கோடையில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் காஸ்கேட் என்ற வகைக் கொடி, தைலமரக் கம்பத்தின் உச்சிவரை ஏறிவிட்டது, மேலிருந்து கீழ்வரை பூவும் பிடித்திருக்கிறது. போன வருஷம் தோள் உயரத்தோடு நின்று, கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே நாலு பூவைக் காட்டிவிட்டு ஓய்ந்துபோன அதே கிழங்குதான். அதே மண், அதே மாட்டெரு. மாறியது வெளிச்சம் மட்டும்.

தென்னாப்பிரிக்காவில், நான் இருக்கும் ஹோவிக்கில் குளிருக்குக் குறைவில்லை. ஜூன், ஜூலை உறைபனியில் கிழங்கு நன்றாகத் தூங்கி எழுகிறது. பகல்தான் போதாது. ஹாப்ஸுக்குப் பேர்போன ஜெர்மனியின் ஹாலர்டாவில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரம், இங்கே டிசம்பர் 21 அன்றுகூட 14 மணி நேரம்தான். இரவு நீளமாக இருந்தால் ஹாப்ஸ் ஏறுவதை விட்டுவிட்டுச் சீக்கிரமே பூக்கப் போய்விடும். இந்நாட்டில் ஹாப்ஸ் விளையும் ஜார்ஜ் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலேயே ஒரு காலத்தில் விளக்குப் போட்டுத்தான் வளர்த்தார்கள். சதர்ன் பிராமிஸ் மாதிரி அந்தப் பகலுக்கு ஒத்துவரும் வகைகளை உருவாக்கியது அதற்கப்புறம்தான்.

சரி, நாமும் விளக்குப் போடுவோம் என்று செப்டம்பரில் எல்இடி சரத்தைக் கம்பத்தில் சுற்றினேன். விளக்கு சுலபம், உயிரை வாங்கியது டைமர். சுழலும் முள் வைத்த டைமர் மின்வெட்டு வந்தால் தானும் நின்றுவிடும், கரண்ட் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து ஓடும், இப்படியே இரண்டு மணி, நாலு மணி என்று பின்தங்கி ஒருநாள் உச்சிவெயிலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, ராத்திரி கும்மிருட்டு. அம்மா பார்த்துவிட்டு, "சுரைக்காய் போட்டிருந்தா இந்நேரம் கூட்டாவது வச்சிருக்கலாம்" என்றார். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. அதோடு மாலையில் பகலை நீட்டுவதையும் விட்டுவிட்டேன். நள்ளிரவில் ஒரு மணி நேரம் எரிந்தால் போதும், நீண்ட இருட்டு இரண்டாக உடைந்துவிடுகிறது, கொடி அதைச் சின்ன இரவு என்றே எடுத்துக்கொள்கிறது. மாலை மின்வெட்டுக்கும் தப்பித்தாயிற்று. கொடி உச்சியைத் தொட்டதும் டிசம்பர் தொடக்கத்தில் விளக்கை ஒரேயடியாக நிறுத்தினேன், பக்கக்கிளையெல்லாம் அரும்பு கட்டிக்கொண்டது.

பறிக்க இன்னும் நாள் இருக்கிறது. பூவைக் கசக்கினால் ஈரமாகவே அமுங்குகிறது, காகிதம் போலச் சரசரக்க வேண்டும். உள்ளே கசப்பும் வாசனையும் தரும் மஞ்சள் லூபுலின் தூள் மட்டும் வந்துவிட்டது, கிரேப்ஃப்ரூட் வாசனை கையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் எவ்வளவு என்று வீட்டில் அளக்க வழியில்லை, அதனால் பீர் காய்ச்சும்போது கசப்புக்குக் கடையில் வாங்கிய பெல்லட்டையே (அழுத்திய ஹாப்ஸ் உருண்டை) போட்டு, இதை அடுப்பை அணைத்த பிறகு பச்சையாகக் கொட்டப்போகிறேன். பச்சைப் பூவில் பெரும்பகுதி தண்ணீர், உலர்ந்ததைப் போல ஐந்து மடங்காவது எடை போட வேண்டும். மிச்சத்தை ஸ்டூப்பில் (வீட்டு வராந்தா) கொசுவலை கட்டி, ஃபேன் வைத்து உலர்த்தலாம் என்று நினைக்கிறேன். பிப்ரவரி மழை விட்டால்தான்.

அடுத்த கம்பத்துக்குக் குழி தோண்டியாயிற்று. விளக்கே கேட்காத சதர்ன் ஸ்டார் வகை வேண்டும், கேட்ட இடத்திலெல்லாம் உலர்ந்த பூதான் கிடைக்கிறது, கிழங்கு இல்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஆகஸ்டில் காஸ்கேட் கிழங்கை வெட்டும்போது பதிலுக்கு இரண்டு துண்டு தருகிறேன்.