மேல் தாழ்ப்பாள்

ஒரு பேய்க்கதை எப்படிப் பயமுறுத்துகிறது என்று பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கதையைக் கேட்டால், டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் வெளியிட்ட ‘குரங்குப் பாதம்’ கதையைக் கையில் எடுக்கலாம். முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.

ஜேக்கப்ஸ் லண்டனில் வாப்பிங் துறைமுகப் பக்கம் பிறந்தவர். தபால் சேமிப்பு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தார். கப்பல்காரர்களை வைத்து எழுதிய நகைச்சுவைக் கதைகளால்தான் பெயர் வாங்கினார். இந்தக் கதையும் சிரிப்போடுதான் தொடங்குகிறது: சதுரங்கத்தில் தப்பாகக் காய் நகர்த்திவிட்ட கிழவர் ஒயிட், மகன் அதைக் கவனிக்கக் கூடாதென்று ‘காற்று என்னமா அடிக்கிறது பார்’ என்கிற தினுசில் பேச்சை மாற்றுகிறார். மகன் ஏற்கெனவே பார்த்துவிட்டான்.

அப்புறம் இந்தியாவில் 21 வருடம் இருந்து திரும்பிய சார்ஜென்ட் மேஜர் மாரிஸ் வருகிறார். மூன்றாவது கிளாஸ் விஸ்கியில்தான் அவருக்கு வாய் திறக்கிறது. ஒரு பக்கிரி மந்திரித்துக் கொடுத்த காய்ந்த பாதம். மூன்று பேருக்கு ஆளுக்கு மூன்று வரம். முதல் ஆள் மூன்றாவதாகக் கேட்டது சாவு. மாரிஸ் இரண்டாவது ஆள். அப்படியானால் இப்போது பாதத்தை வாங்கிக்கொள்ளும் ஒயிட் மூன்றாவது ஆள், கடைசி ஆள். இந்தக் கணக்கை ஜேக்கப்ஸ் போட்டுக் காட்டுவதில்லை, நாம்தான் போட வேண்டும்.

இதைத் திருப்பிச் சொல்கிறவர்கள் முதலில் சறுக்கும் இடம், ‘பேராசை பெருநஷ்டம்’ என்று நீதி ஒட்டுவது. ஒயிட் பேராசைக்காரர் இல்லை. வேண்டியதெல்லாம் இருக்கிறதே, என்ன கேட்பது என்று முழிக்கிறார். வீட்டுக் கடன் தீர 200 பவுண்டு கேளுங்கள் என்று எடுத்துக் கொடுப்பவன் மகன் ஹெர்பர்ட். மறுநாள் அவன் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கிச் சாகிறான். கம்பெனி ஆள் வாசலில் மூன்று முறை தயங்கி, நான்காவது முறைதான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். எங்கள் மேல் பொறுப்பில்லை, ஆனாலும் நஷ்டஈடு தருகிறோம் என்கிறார். தொகை 200 பவுண்டு. இதுவரை நடந்த எல்லாமே தற்செயலாகவும் இருக்கலாம். அந்த வழியை ஜேக்கப்ஸ் கடைசிவரை அடைக்கவே இல்லை.

இரண்டாவது வரத்தை ஒயிட்டின் மனைவி, அந்தக் கிழவி, கேட்க வைக்கிறாள்: பையன் உயிரோடு வரட்டும். செத்துப் பத்து நாள் ஆகிவிட்டது. துணியை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டார் தகப்பன். வரம் கேட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. மெழுகுவர்த்தி அணைகிறது, கிழவர் நிம்மதியாகப் படுத்துவிடுகிறார். ஏன் உடனே தட்டவில்லை? கல்லறை இரண்டு மைல் தள்ளி இருப்பதாக முன்பே ஒரு வரி, போகிற போக்கில் சொல்லியாகிவிட்டது. சிதைந்த உடம்பு அந்த இரண்டு மைலை நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வாசகர் தன் தலைக்குள் அளந்துகொள்கிறார்.

முதல் தட்டல் காதில் விழுந்தும் விழாத மாதிரி. மூன்றாவது வீடு முழுக்கக் கேட்கிறது. கிழவி கீழே ஓடுகிறாள். இங்கேதான் கெட்டிக்காரத்தனம்: கதை அவளோடு இறங்கவில்லை, மாடியில் இருட்டில் பாதத்தைத் தேடித் தரையைத் தடவும் கிழவரோடு நின்றுவிடுகிறது. அதனால் நமக்குக் கிடைப்பது சத்தம் மட்டும். சங்கிலி கழல்கிறது. கீழ்த் தாழ்ப்பாள் இறுகலாக நகர்கிறது. மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை என்று கூப்பிடுகிறாள். நாற்காலி இழுபடுகிறது. ஒரு தாழ்ப்பாளின் உயரத்தை வைத்தே அத்தனை இழுவையும் கிடைத்துவிடுகிறது. தாழ்ப்பாள் கைக்கு எட்டியிருந்தால் கதை அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

பாதம் கைக்குக் கிடைத்ததும் கிழவர் கேட்கும் மூன்றாவது வரம் என்ன என்று ஜேக்கப்ஸ் எழுதவில்லை. தட்டல் நிற்கிறது, கதவு திறக்கிறது, எதிரே தெருவிளக்கு, வெறிச்சோடிய சாலை. இங்கே பிணத்தைக் காட்டினால் கதை செத்தது. எவ்வளவு கோரமாக வர்ணித்தாலும் வாசகர் மனதில் அதற்குள் வந்து நிற்கும் உருவத்துக்கு ஈடாகாது.

தமிழில் சொல்லும்போது வேறொரு சிக்கல் இருக்கிறது. வெளியே நிற்பது ‘அவனா’, ‘அதுவா’? நம் வினைச்சொல் விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். மூலத்தில் இதற்கு வழி இருக்கிறது: தாய்க்கு அவன் ஹெர்பர்ட், தகப்பனுக்கு அது. ஆகவே அவள் ‘என் பிள்ளை வந்துட்டான்’ என்க வேண்டும், அவர் ‘அதை உள்ளே விடாதே’ என்க வேண்டும். கதைசொல்லி மட்டும் ‘தட்டும் சத்தம் கேட்டது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். ‘தட்டினான்’ என்றோ ‘தட்டியது’ என்றோ ஒரு தடவைகூட வாயை விடக் கூடாது.