அந்த 20 நிமிஷம் ஏன் எண்டு ஆர் சொல்லுறது?

வன்னியில புடையன் பாம்பு கடிச்சு ஆஸ்பத்திரிக்கு வாற ஆளிட்டை 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, சுத்தமான காய்ஞ்ச கண்ணாடிக் குழாயில 20 நிமிஷம் அசைக்காமல் வைச்சு, பிறகு சரிச்சுப் பாக்கோணும். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில ஏறிட்டுது எண்டு அர்த்தம், விஷமுறிவு மருந்து குடுக்கோணும். உறைஞ்சிருந்தால், வேறை விஷக்குறியும் இல்லையெண்டால், பொறுத்துத் திரும்பப் பாக்கோணும். அந்த மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொண்டுவரும், எழுந்தமானத்துக்கு ஏத்த ஏலாது. (பிளாஸ்ரிக் குழாயும் சவர்க்காரம் போட்டுக் கழுவின குழாயும் சரிவராது, நல்ல இரத்தமும் உறையாமல் நிண்டு ஆளை ஏமாத்தும்.)

வெளியில நிக்கிற சொந்தக்காரருக்கு ஆர் இதைச் சொன்னது? "கடிபட்டவனைக் கிடத்திப்போட்டுச் சும்மா நிக்கினம்" எண்டு ஊருக்குள்ள கதை போகும். அடுத்தவன் கடிபட்டால் நேரை விஷகடிப் பரியாரியாரிட்டைத்தான்.

மருத்துவபீடத்தில குழாயைச் சரிக்கப் பழக்கிற மாதிரி, அதைச் சொந்தக்காரருக்குக் காட்டவும் பழக்கிச் செய்முறைப் பரீட்சையில புள்ளி போடோணும். புள்ளியில்லாத விஷயத்தை எந்தப் பெடியன் படிப்பான்? "விளங்கிச்சோ?" எண்டு கேக்கிறது வீண், எல்லாரும் தலையாட்டுவினம். "வீட்டை கேட்டால் என்னெண்டு சொல்லுவியள்?" எண்டு கேட்டால் விளங்காத இடம் உடனை தெரியும்.

சிங்களம் மட்டும் தெரிஞ்சு இங்கை வாற இளம் டொக்டர்மாருக்கு, முதல் கிழமையில நாலு தமிழ்க் கேள்வியாவது வாயில வரோணும்: எத்தினை மணிக்குக் கடிச்சது? பல்லு முரசால இரத்தம் வருதோ? கண்மடல் பாரமோ? மூத்திரம் போச்சுதோ?