மஸ்டர் ரோலில் நான்கு நாள்

வியாழக்கிழமைக்குள் ஒரு டெண்டர் போட வேண்டும். மத்திய அரசு வளாகம் ஒன்றில் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலை. நீளம் 140 மீட்டர், ஆழம் 2 மீட்டர். நேற்று ராத்திரி எஸ்டிமேட்டை வரிவரியாகப் பார்த்தேன். மண் தோண்ட ரேட் இருக்கிறது. குழாய்க்கு, ஜாயிண்டுக்கு, திரும்ப மண் மூட, மிஞ்சிய மண்ணை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்ட, எல்லாவற்றுக்கும் இருக்கிறது. பள்ளத்தின் இரண்டு பக்கமும் பலகை வைத்து முட்டுக் கொடுக்க மட்டும் ஒரு வரியும் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வரி இல்லாத வேறொரு எஸ்டிமேட்டுக்கு 17 சதவீதம் குறைத்துப் போட்டு வேலையை எடுத்தேன். அந்த வரி இல்லை என்பதையே அப்போது கவனிக்கவில்லை.

அது சென்னைக்கு வடக்கே. ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பழைய கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய இடம், அதற்குக் கீழே களிமண். பள்ளம் 1.8 மீட்டர். ஒரு பக்கம் ரோடு, அதனால் தோண்டிய மண்ணையெல்லாம் மறுபக்கம் பள்ளத்தின் விளிம்பிலேயே ஜேசிபி குவித்து வைத்திருந்தது.

மத்திய அரசு வேலைகளின் ஒப்பந்தப் புத்தகத்தில் பின்பக்கம் வழக்கமாக மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகள் இருக்கும். பள்ளம் 1.5 மீட்டரோ அதற்கு மேலோ போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மரம் கொடுத்துத் தாங்க வேண்டும். தோண்டிய மண் விளிம்பிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். 1.2 மீட்டர் ஆழத்திலிருந்தே 30 மீட்டருக்கு ஒரு ஏணி. ஒவ்வொரு பக்கத்திலும் சீல் குத்திக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். படித்தேனா என்று கேட்காதீர்கள்.

பதினொரு மணி டீ முடிந்து ஆட்கள் இறங்கினார்கள். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர் ஒருவர் குழாய்க்கு மட்டம் பார்க்கக் குனிந்தார். சத்தமே இல்லை. சுவர் மாதிரி நின்ற மண் அப்படியே சரிந்து அவரை இடுப்புவரை மூடியது. ஜேசிபி டிரைவர் பக்கெட்டை இறக்கப் பார்த்தார். மேஸ்திரி போட்ட சத்தத்தில்தான் நிறுத்தினார். பக்கெட் பட்டிருந்தால் காலே போயிருக்கும். கையாலும் மண்வெட்டியாலும் தோண்டி எடுக்க இருபது நிமிஷம் ஆனது. ஈர மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய இரண்டு டன். அவர் குனிந்தபடி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில ராத்திரி கணக்குப் போடுகிறேன்.

எலும்பு எதுவும் உடையவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. டாக்டர் நான்கு நாள் ஓய்வு சொன்னார்.

அப்போது இருந்த 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டப்படி, அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். சாயந்திரம் மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஆளு ஷெட்லதான படுத்திருக்கான். ஆஜர் போட்டுடுங்க." மஸ்டர் ரோலில், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேட்டில், போட்டேன். நான்கு நாளும் ஆஜர், நான்கு நாள் கூலியும் கொடுத்தேன். கூலி கொடுத்ததால் நான் நல்லவன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். மறுநாள் இளநிலைப் பொறியாளர் வந்து, இடிந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பிரச்சினை ஒன்றும் இல்லையே?" என்றார். "இல்லை சார்" என்றேன். அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

என் ஃபைல் மட்டும் சுத்தமாக இருந்தது. பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ், பில்லில் பிடித்த 1 சதவீதத் தொழிலாளர் நல நிதி, எல்லாம் சரி. அந்த நிதி போய்ச் சேரும் நல வாரியத்தில் அடிபட்டவருக்கு உறுப்பினர் அட்டையே இல்லை என்பது வேறு கதை. புது ஹெல்மெட் போட்டு 14 பேரும் வரிசையாக நிற்கும் ஃபோட்டோவும் ஃபைலில் உண்டு. மண் விழுந்தது இடுப்பில். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்று அந்தச் சட்டம் சொன்னது 500 பேரிலிருந்துதான். என்னைப் போன்றவர்களின் சைட்டில் மேஸ்திரிதான் அதிகாரி, அவருக்கு என் பில் எப்போது பாஸாகும் என்ற கவலை வேறு. நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், பாதுகாப்பு ஏற்பாட்டை ஒப்பந்ததாரர் தன் செலவில் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் தவறு ஒன்றுக்கு 200 ரூபாய் அபராதம் என்று இருந்தது. 200 ரூபாய்! ஒரு சித்தாளின் அரை நாள் கூலிகூட அப்போது அதைவிட அதிகம்.

ஆனால் டி.எஸ்.ஆர். என்கிற மத்தியப் பொதுப்பணித் துறை ரேட் புத்தகத்தில், பள்ளத்துக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுப்பதற்குத் தனி ஐட்டமே இருக்கிறது. பலகை அடித்த முகப்பைச் சதுர மீட்டரில் அளந்து, பில்லுக்கு அளவு எழுதும் எம் புக்கில் ஏற்றலாம். இது எனக்குத் தெரிந்தது அந்த விபத்துக்கு அப்புறம்தான். எஸ்டிமேட் போடும்போது அந்த ஐட்டத்தைச் சேர்த்துவிட்டால், டெண்டர் போடுகிற எல்லோருக்கும் அந்தச் செலவு ஒன்றுதான். சேர்க்காவிட்டால் பலகையை மனதில் வைத்து ரேட் போடுகிறவன் தோற்பான், பலகையே இல்லாமல் தோண்டுகிறவன் ஜெயிப்பான். 17 சதவீதம் குறைத்து நான் ஜெயித்தது அப்படித்தான்.

இந்தத் தடவை இரண்டு பக்கமும் சேர்த்தால் 560 சதுர மீட்டர். ஆனால் மொத்தத்துக்கும் ஒரே சமயத்தில் பலகை வேண்டாம். 20 மீட்டர் தோண்டி, குழாய் போட்டு, மூடி, பலகையைக் கழற்றி முன்னால் கொண்டுபோனால் 80 சதுர மீட்டருக்கு இருந்தால் போதும். வேலை மெதுவாகும், அவ்வளவுதான். முட்டுக்கு ஐட்டம் சேர்ப்பீர்களா என்று, டெண்டர் போடுவதற்கு முன் கேட்கும் ப்ரீ-பிட் கேள்வி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வராவிட்டாலும் என் ரேட்டில் சேர்த்துத்தான் போடப்போகிறேன். விலை கேட்க நாளைக்குக் காலையில் சவுக்குக் கட்டை விற்கும் தொட்டிக்குப் போக வேண்டும்.