எல்லாம் ஒத்துப்போக வேணும்

"தனிய இதைப் பூட்டிப் பிரயோசனம் இல்லைத் தம்பி. மற்றதும் ஒத்துப்போக வேணும்."

கராச்சில் மெக்கானிக்காக நிற்கும் நான் இப்படித்தான் சொன்னேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்த டொயோட்டா 121 கொறோலாவின் விஷயத்தில் இந்த வசனம் எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் தன் தமையன் அனுப்பிய பெட்டியோடு பெடியன் வந்திருந்தான். எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் சாமான்: அலுமினியக் குழாய், கூம்பு வடிவ பில்டர், சிவப்பு சிலிக்கோன் ஹோஸ். "அண்ணை, இதைப் போட்டா இழுவை கூடுமோ?" என்று கேட்டான். அதற்குத்தான் அந்தப் பதில்.

கணக்கு எளிது. 1.5 லீட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை உறிஞ்சும். உச்சப் பலம் வரும் 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று), முழுதாக நிரம்பினால்கூட நிமிடத்துக்கு 4500 லீட்டர் காற்றுத்தான். கம்பனி பில்டர் பெட்டி அதை நினைத்துச் செய்யப்பட்டதுதான். அதை எடுத்துவிட்டு அகலமான குழாய் போட்டாலும் வால்வும் அதைத் திறக்கும் கேமும் பழையவை, புகையை வெளியே எடுக்கும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் பழையது, சைலன்சர் பழையது. உள்ளே போனது வெளியே வர வேண்டுமே. நல்லூர்த் தேருக்கு முன்வாசலை மட்டும் அகலமாக்கி, வெளியே போகும் வழியை அப்படியே விட்டால் சனம் என்ன செய்யும் என்று அவனிடம் கேட்டேன். சிரித்தான். உடனே விளங்கிவிட்டது. அந்த உவமை அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்க வேண்டாம் என்று பிறகு நினைத்திருக்கிறேன்.

அடுத்தது ஏர் ஃப்ளோ சென்சர். இதைப் பற்றிப் பேசாமல் குழாய் பூட்டுகிற ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இந்த எஞ்சினில் சூடான கம்பி ஒன்று, தன்னைத் தாண்டிப் போகும் காற்றை வைத்து அளவைச் சொல்கிறது. அந்தக் கணக்கு கம்பனிக் குழாயின் உள்விட்டத்துக்குப் போட்ட கணக்கு. விட்டம் 5 சதவீதம் கூடினால் பரப்பு 10 சதவீதம் கூடும். அதே அளவு காற்று மெதுவாகப் போகும், சென்சர் குறைத்துச் சொல்லும், கொம்பியூட்டர் பெற்றோலைக் குறைக்கும். விட்டம் அளக்கும் வேர்னியரை எடுத்து இரண்டு குழாய்களையும் அவன் கண்முன்னே அளந்தேன். வந்த குழாய் சில மில்லிமீட்டர் அகலம். மெதுவாக ஓடும்போது எக்ஸோஸ்ட்டில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் பார்த்துத் திருத்திவிடும். ஸ்கானரில் ஃபியூவல் ட்ரிம், அதாவது கொம்பியூட்டர் பெற்றோலைத் திருத்தும் சதவீதம், பத்துக்கு மேலே ஏறி நிற்கும், காரோட்டிக்கு ஒன்றும் தெரியாது. அக்சிலேற்றரை முழுதாக அமத்தும்போது கொம்பியூட்டர் அந்த ஒட்சிசன் சென்சரின் பேச்சைக் கேட்காது. ஒரு பங்கு பெற்றோலுக்கு பன்னிரண்டரை, பதின்மூன்று பங்கு காற்று என்று இருக்க வேண்டிய இடத்தில் கலவை மெலியும். கலவையை 10.5 மடங்கு அமுக்கும் கொம்ப்ரெஷன், 92 ஒக்ரேன் பெற்றோல், எங்கள் சித்திரை வெயில். கலவை நேரம் தவறி வெடிக்கும் நொக்கிங் சத்தம் கேட்கத் தொடங்கும்.

ஆகவே சொன்னேன்: மனிஃபோல்ட்டுக்குப் பதிலாகப் பூட்டும் ஹெடர், சைலன்சர், சென்சர் உட்காரும் குழாய்த் துண்டுக்குச் சரியான அளவில் ஒரு இருக்கை, கடைசியில் கொம்பியூட்டரின் கணக்கைத் திருத்தும் மேப். குழாயின் வாயும் பொனற்றுக்குள் கொதிக்கும் காற்றைக் குடிக்காத இடத்துக்குப் போக வேண்டும். 10 பாகை சூடு கூடினால் காற்றில் ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்துவிடும், பூட்டியதில் கிடைத்தது அதிலேயே போய்விடும்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எல்லாத்தையும் செய்வம் அண்ணை" என்றான்.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இதுதான். அந்த நேரம் நான் என்ன முகத்தோடு நின்றேன்? தலையாட்டினேனா? "யோசிச்சுச் செய்யும்" என்று சொன்னதாக நினைவு. ஆனால் அதைச் சொன்னேனா, சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். தமையன் ஹெடரும் அனுப்பினார். நான் கேட்டது 4-2-1 (நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது), வந்தது 4-1 (நாலும் நேரே ஒன்றாவது), மேல் சுற்றுக்கு ஆன சாமான். பூட்டினோம், இருக்கையை அளவுக்குக் கடைந்தோம், கொழும்பில் எஞ்சின் பலத்தை அளக்கும் டைனோ வைத்திருக்கும் ஒருவரிடம் மேப் போட்டோம். வேலை சுத்தம். பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் ஓடிப் பார்த்தபோது 4500 ஆர்பிஎம்முக்கு மேலே கார் வேறு காராக இருந்தது. பெடியனுக்கு முகமெல்லாம் பல்.

பிறகு ஒரு நாள் தகப்பன் வந்தார். கார் அவருடையது என்பது எனக்கு முதலே தெரியும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இங்கே ஒரு 121 என்ன விலை போனது என்று எல்லோருக்கும் தெரியும். அது அவருக்கு வங்கியில் போட்ட காசு மாதிரி. ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் எடுக்கும்போது கார் முன்னையைவிடச் சோம்பலாக இருக்கிறது, சத்தம் காதைக் குடைகிறது என்றார். உண்மைதான். கீழ்ச் சுற்றில் கொஞ்சம் போயிருந்தது. 4-1 ஹெடரும் அகலமான குழாயும் எங்கே கொடுக்கும், எங்கே எடுக்கும் என்று விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நான் அதைக் கேக்கேல்லை. நல்லா ஓடின காரை அப்பிடியே விடச் சொல்லி நீர் சொல்லியிருக்கலாம்தானே?"

"ஐயா, உங்கட மகன் வளர்ந்த ஆள்" என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முதலாளியிடம் சொன்னபோது அவருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்து மெக்கானிக் அவர். "கேட்டவனுக்குச் செய்து குடுத்தாய், காசு வந்தது, எஞ்சின் உடையேல்லை" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அரைகுறையாகப் பூட்டி அனுப்பியிருந்தால் வேறு எங்கேயோ பிஸ்டனில் ஓட்டையோடு வந்திருக்கும். நான் அந்தக் காரைக் காப்பாற்றினேன் என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். அடுத்த நாள் அந்த யோசனை எனக்கே சிரிப்பாக இருந்தது.

"ஒத்துப்போக வேணும்" என்ற பேச்சுக்கு நிற்கும் இடம் கிடையாது. குழாய்க்கு ஹெடர், ஹெடருக்கு சைலன்சர், அதற்கு மேப், மேப்புக்கு 95 பெற்றோல், பிறகு கேம். ஒவ்வொரு படியும் சரியான படி. எச்சரிக்கையாக நான் சொல்வது, கேட்கிறவர் காதில் சாமான் பட்டியலாக விழுகிறது. கம்பனி விட்டபடி இருந்த 121இலும் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துத்தான் இருந்தன, எங்கள் வீதிக்கும் சேர்த்து. அதையும் அதே வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் பெட்டியோடு வருகிறவனிடம் பெட்டியை மூடு என்று சொன்னால் அவன் அடுத்த கராச்சுக்குப் போவான், அங்கே வேர்னியர் இருக்காது. இதை நான் நம்புகிறேனா, சாட்டுக்குச் சொல்கிறேனா என்பது நாளுக்கு நாள் மாறும்.

இப்போது பெட்டியோடு யாரும் வந்தால், முதலில் ஸ்கானரைக் கொழுவி, வழமையாக ஓடுகிற வழியால் ஓடிக் காட்டச் சொல்கிறேன். காற்று வழியைத் திறந்து மூடும் தகடான த்ரொட்டில் எவ்வளவு திறந்தது என்று திரையில் காட்டுவேன். பெரும்பாலும் கால்வாசிகூட இல்லை. காற்றைத் தடுப்பது அந்தத் தகடுதான், பில்டர் இல்லை. அதைப் பார்த்துவிட்டுச் சிலர் போய்விடுவார்கள், முதலாளி என்னைப் பார்ப்பார்.

அண்மையில் ஒரு பெடியன் திரையைப் பார்த்துவிட்டு, "தெரியும் அண்ணை, எனக்குச் சத்தம் மட்டும் காணும்" என்றான். சத்தத்துக்கு என்றால் தனிய இன்டேக் போதும், சென்சர் இருக்கை மட்டும் அளவாக இருந்தால் சரி. அன்றைக்கே பூட்டிக் கொடுத்தேன். கொறோலாப் பெடியனுக்கும் அதுதான் தேவையாக இருந்ததோ தெரியாது. ஆனால் அவன் இழுவையைத்தானே கேட்டான்.