தபால் வாக்குச்சீட்டு வராத கிழமை

தேர்தல் நடக்குமா நடக்காதா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தேர்தல் வேலை தெரிந்தவர்களிடம் ஒரு குறுக்கு வழி உண்டு. தபால் மூல வாக்குச்சீட்டு அச்சகத்தை விட்டு வெளிக்கிட்டதா என்று கேட்பார்கள். பொது வாக்களிப்புக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே அரச ஊழியர்கள் தங்கள் அலுவலகங்களில் வாக்கை அடையாளமிட வேண்டும். அதனால் முதலில் அச்சடிப்பதும், முதலில் பொதி கட்டுவதும், முதலில் தபாலில் சேர்ப்பதும் அந்தச் சீட்டுத்தான். அது பிந்தினால் பின்னால் வருவதெல்லாம் பிந்தும்.

2023 இல் உள்ளூராட்சித் தேர்தலுக்கு மார்ச் 9 குறிக்கப்பட்டிருந்தது. தபால் வாக்களிப்பு பெப்ரவரி 22 முதல் 24 வரை. காசு வராமல் அச்சடிக்க முடியாது என்றது அரச அச்சகம். காசு இல்லை என்றது திறைசேரி. தபால் வாக்களிப்புப் பிற்போடப்பட்டது என்ற அறிவித்தல் வந்தவுடனேயே, பெட்டி தூக்கிப் பழகியவர்களுக்கு மார்ச் 9 இல்லை என்பது விளங்கிவிட்டது. அரசியல்வாதிகள் அதற்குப் பிறகும் சில நாட்கள் கூட்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்திய வருடம் பொருளாதார நெருக்கடியால் நாடே வீதியில் நின்றது. 2022 மார்ச் 31 மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டடி, ஏப்ரல் 9 காலிமுகத்திடல், மே 9 வன்முறையும் நாடு முழுக்க ஊரடங்கும், ஜூலை 9 ஜனாதிபதி மாளிகை. ஜூலை 20 இல் பாராளுமன்றத்துக்குள் 134 வாக்குகளால் புதிய ஜனாதிபதி தெரிவானார். பொதுமக்கள் கையில் வாக்குச்சீட்டு வந்திருக்க வேண்டிய முதல் சந்தர்ப்பம் அந்த உள்ளூராட்சித் தேர்தல். அதை வீதிக் கூட்டம் மறிக்கவில்லை. ஒரு முன்பணம் மறித்தது.

தேர்தல் செலவில் காத்திருக்கக்கூடியவை உண்டு, காத்திருக்காதவையும் உண்டு. அலுவலர் கொடுப்பனவை முணுமுணுப்போடு இரண்டு மாதம் பிந்திக் கொடுக்கலாம். மின்சாரக் கட்டணம், வாகன வாடகை இவற்றுக்குப் பிறகு பற்றுச்சீட்டு வைக்கலாம். தாள், அச்சு, எரிபொருள் மூன்றுக்கும் கடன் சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. 2023 மார்ச்சில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீட்டின்படி கிழமைக்கு இவ்வளவு என்ற பங்கீடு நடைமுறையில் இருந்தது. தேர்தலுக்கு எடுக்கும் வான்களில் பெரும்பகுதி வாடகை வான்கள். கிழமைப் பங்கீட்டை வைத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு இரண்டு தரம் போய்வர ஏலாது. விசேட ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் இல்லாமல் வாகனப் பட்டியல் போடுவது வெறும் எழுத்து வேலை.

நாட்கணக்கையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 9 இரவு பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. வேட்புமனு நவம்பர் 19 முதல் 26 வரை, வாக்களிப்பு 2019 ஜனவரி 5 என்று குறித்தார்கள். வேட்புமனு முடிந்த நாளிலிருந்து 40 நாள். சட்டம் தரும் இடைவெளி ஐந்து முதல் ஏழு கிழமை, அவ்வளவுதான். அந்த நாட்களுக்குள் ஆட்சேபனை கேட்டு, சுயேச்சைக் குழுக்களுக்குச் சின்னம் கொடுத்து, வேட்பாளர்களுக்கு விருப்பு இலக்கம் போட்டு, மூன்று மொழியிலும் அச்சுப்படி திருத்தி, தபால் வாக்கு விண்ணப்பங்களைச் சரிபார்த்து, வாக்காளர் அட்டைகளைத் தபால்காரர் கையில் கொடுக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில் ஒரு குறில் நெடில் பிழைத்தால் திருத்துவதற்குக் கொழும்பில் தமிழ் தெரிந்த ஒருவர் அந்த நேரம் இருக்க வேண்டும். இருப்பார் என்று நம்பி விடக்கூடாது. மாவட்டத்திலிருந்தே ஒருவர் போய் எழுத்தெழுத்தாகப் பார்ப்பது நல்லது.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சியும் அடங்கும். ஊர்காவற்றுறை தொடங்கிக் கிளிநொச்சி வரை 11 தொகுதிகள். 2024 நவம்பரில் 6 ஆசனங்களுக்கு 44 கட்சிகளும் குழுக்களும், ஒவ்வொன்றிலும் 9 பேராக 396 வேட்பாளர்கள். சீட்டு நீண்டால் மடிப்புக் கூடும், மடிப்புக் கூடினால் பெட்டி கெதியாக நிரம்பும். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 பேருக்காக 26 அங்குலச் சீட்டு அடித்தார்கள். அப்படியான தேர்தலில் நிலையத்துக்கு ஒரு பெட்டி என்று கணக்குப் போட்டால் மத்தியானத்துக்குள் பெட்டி வாய் முட்டிவிடும். கூட்டம் பொறுமையிழக்கும் நாளில் வரிசையை நிறுத்திவிட்டு இரண்டாவது பெட்டிக்கு ஆள் அனுப்புவது எவ்வளவு மெய்வருத்தம் என்பது வாசலில் நின்ற பொலிஸ்காரருக்குத் தெரியும்.

இனி வீதிக்கு வருவோம். போராட்டக் காலத்தில் வாக்களிப்பை நடத்துவது கடினம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இங்கே போராட்டமும் வாக்களிப்பும் ஒரே வீதியில் நடந்தே வந்திருக்கின்றன. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் அந்த வழியால் போய்விட்டது. கொட்டிலில் இருக்கும் அம்மாவுக்கும் வாக்காளர் அட்டை வரும். எதிர்ப்புக் கூட்டத்தையும் இடையூறையும் பிரித்தறியத் தெரியாத அலுவலர்தான் ஆபத்தானவர். சும்மா நிற்கிற சனத்துக்குப் பொலிஸைக் கூப்பிட்டுவிட்டால், அதுவரை இல்லாத பிரச்சினை அதன்பிறகு உண்டாகும்.

உண்மையான சிக்கல் கடமைக்கு வருபவர்களில் இருக்கிறது. வாக்களிப்பு நிலைய அலுவலர் யார்? ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர், எழுதுவினைஞர். வேலைநிறுத்தம் செய்பவரும் அவரேதான். நேற்றுக் கச்சேரி வாசலில் பதாகை பிடித்தவர் நாளைக்கு அதே கச்சேரியில் பெட்டிக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வந்துவிடுவார்கள், அது வேறு விடயம். ஆனாலும் திட்டமிடுகிறவர் மேலதிக அலுவலர் பட்டியலை வழமையை விடப் பெரிதாகப் போட வேண்டும், அதையும் பிரதேச செயலகம் பிரதேச செயலகமாகப் பிரித்து வைக்க வேண்டும். பருத்தித்துறையில் வராதவருக்கு ஊர்காவற்றுறையில் இருக்கும் மேலதிகக்காரர் உதவமாட்டார். பஸ் ஓடாத நாளாக இருந்தால் உறுதியாக இல்லை.

தபால் ஊழியர் வேலைநிறுத்தம் இன்னொரு வகை. வாக்காளர் அட்டை கிடைக்காவிட்டாலும் பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்தால் அடையாள அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம். இதை விதானையார் (கிராம அலுவலர்) ஒவ்வொரு ஒழுங்கையிலும் சொல்லிவிட்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். சொல்லாவிட்டால் காலமை 7 மணிக்கு வாசலில், “அட்டை வரேல்லை, எங்கட பேரை வெட்டிப்போட்டாங்கள்” என்று கதை தொடங்கும். 10 மணிக்குள் அது அடுத்த கிராமத்துக்கும் போய்விடும்.

தீவுகளுக்கு வேறு கணக்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாம் கடல்வழி. வாக்களிப்புக்கு முதல்நாள் பெட்டியோடு போகிறவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் பாதை மறிபட்டால் முழு நேரசூசியும் சரியும், ஏனெனில் காற்று எழும்ப முன்னர் படகு போக வேண்டும். திரும்பி வரும்போதும் அப்படித்தான். கடற்படைப் படகு, தேவைப்பட்டால் உலங்குவானூர்தி என்று மாற்று ஏற்பாடு இருக்கும். ஆனால் பெட்டியோடு கட்சி முகவரும் வர விரும்பினால் அவருக்கு இடம் உண்டா என்பதை முன்னரே எழுதிவைக்க வேண்டும். இருட்டுக்குள், கரையில் நின்று முடிவெடுக்கிற விடயம் அல்ல அது.

உள்ளூராட்சித் தேர்தலில் வாக்கை வட்டாரத்திலேயே எண்ணுவதால் பெட்டி தெருவில் திரிய வேண்டியதில்லை. கொந்தளிப்பான காலத்துக்கு அது பெரிய ஆறுதல். பாராளுமன்ற, ஜனாதிபதித் தேர்தல்களில் எல்லாப் பெட்டியும் யாழ். மத்திய கல்லூரிக்கு வர வேண்டும். 4 மணிக்கு வாக்களிப்பு முடிந்து பெட்டி கல்லூரி வாசலைத் தாண்டும் வரையான அந்த சில மணித்தியாலம்தான் முழுத் தேர்தலிலும் மெல்லிய இடம்.

அந்த நேரத்தில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் செய்யும் பிழைகளும் எப்போதும் ஒரே மாதிரியானவை. நேரம் முடிந்த பிறகு, “ஐயா, ரெண்டே ரெண்டு பேர்தான், விடுங்கோ” என்று வாசலில் கெஞ்சுவார்கள். நிலையத்துக்குள் நின்றவருக்கு உரிமை உண்டு, பிறகு வந்தவருக்கு இல்லை. இரக்கப்பட்டு ஒருவரை விட்டால் முகவர்களில் யாராவது ஒருவர் குறிப்புக் கொப்பியை எடுப்பார். அடுத்தது வாக்குச்சீட்டுக் கணக்கு. பெற்றுக்கொண்ட சீட்டு, வழங்கியது, பழுதானது, மிஞ்சியது என எல்லாம் கூட்டிச் சரிவர வேண்டும். பழுதான சீட்டை மாற்றிக் கொடுத்த அந்தக் கணமே குறித்து வைக்காதவர் பின்னேரம் ஒரு சீட்டைத் தேடி அரைமணித்தியாலம் தொலைப்பார். வெளியே கூட்டம் நிற்கும் நாளில் அந்த அரைமணித்தியாலம் “உள்ளே என்னவோ நடக்குது” என்ற வதந்தியாக மாறும். மிஞ்சிய சீட்டு, பழுதான சீட்டு, அடிக்கட்டைகள், அடையாளமிட்ட இடாப்பு எல்லாம் தனித்தனிப் பொதி. முகவர் தன் முத்திரையும் வைக்க வேண்டும் என்றால் வைக்க விட வேண்டும். சந்தேகத்தை விட அரக்கு மலிவு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நிலையத்தில் வாக்களிப்பைத் தொடங்க முடியாமலோ தொடர முடியாமலோ போனால், அல்லது பெட்டி வந்து சேராவிட்டால், 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தின் 48அ பிரிவு இருக்கிறது. அந்த நிலையத்து வாக்களிப்பை மட்டும் செல்லாது என்று அறிவித்து மீண்டும் நடத்தலாம். முடிவைப் பாதிக்காது என்றால் நடத்தாமலும் விடலாம். முழு மாவட்டத்திலும் குறித்த நாளில் முடியாது என்றால் 24(3) ஆம் பிரிவின் கீழ் வேறு நாள் குறிக்கலாம், வர்த்தமானியில் வந்து குறைந்தது 14 நாள் கழித்து. 2020 இல் கொரோனாவால் ஏப்ரல் 25 ஜூன் 20 ஆகி, பிறகு ஓகஸ்ட் 5 ஆனது. அதாவது வீதி மறியலுக்கும் நோய்க்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. காசு விடாத கையெழுத்துக்கு அங்கே ஒரு பிரிவும் இல்லை. அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். போனார்கள். 2023 மார்ச் 3 இல் ஒதுக்கிய நிதியைத் தடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2024 ஓகஸ்ட் 22 இல் தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது. வாக்களிப்பு நடந்தது 2025 மே 6 இல், புதிதாக வாங்கிய வேட்புமனுக்களோடு. 2023 இல் வேட்புமனுப் போட்ட அரச ஊழியர்கள் பலர் இடையில் சம்பளமும் இல்லாமல், பழைய கதிரைக்குத் திரும்பவும் முடியாமல் அந்தரத்தில் நின்றார்கள்.

நீதிமன்றத்தில் இழுபறிப்படும் தேர்தலுக்கு எப்படித் தயாராவது என்பதை 2018 கற்பித்தது. நவம்பர் 13 இல் அந்தப் பாராளுமன்றக் கலைப்புக்கு இடைக்காலத் தடை வந்தது. வேட்புமனு தொடங்க ஆறு நாள் இருந்தது. வழக்காடியவர்களில் இரா. சம்பந்தனும், தேர்தல் ஆணைக்குழுவிலேயே உறுப்பினராக இருந்த யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் இரட்ணஜீவன் ஹூலும் அடக்கம். டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்கள் கலைப்புச் செல்லாது என்றார்கள். அப்படியான கிழமைகளில், திரும்பப் பெறக்கூடிய வேலையை மட்டும் செய்வதே புத்தி. பாடசாலைப் பட்டியல், மேசை கதிரை எண்ணிக்கை, அலுவலர் பட்டியல், பயிற்சிக்கு மண்டபம், வாகனச் சொந்தக்காரரின் தொலைபேசி இலக்கம் என்பன தேர்தல் நின்றாலும் வீணாகாது, அடுத்ததற்கு உதவும். அச்சும் முன்பணமும் கட்டளை வரும்வரை பொறுக்கலாம். வேலையை முழுதாகக் கைவிட்டுவிட்டு இருப்பதும் பிழை. தடை நீங்கினால் இழந்த நாளை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

மறியல் வெல்லும் ஒரேயொரு விதமும் இங்கே நடந்திருக்கிறது. 2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் நிலையங்கள் திறந்தன, பெட்டிகள் வந்தன, வாக்காளர் வரவில்லை. புலிகளின் புறக்கணிப்பின் கீழ் யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர் 1.21 வீதம். வெறும் பெட்டிக்கும் அதே முத்திரை, அதே கணக்கு. மிஞ்சிய சீட்டு என்ற நிரலில்தான் பெரிய எண். அலுவலர் தரப்பில் ஒரு பிழையும் இல்லாத, ஆனால் தேர்தல் என்று சொல்ல மனம் வராத ஒன்று அது.

மாகாண சபையை எடுத்தால் கொந்தளிப்பும் இல்லை, புறக்கணிப்பும் இல்லை. 2013 செப்டெம்பர் 21 இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017 இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. ஒரு கல்லும் எறியாமல், ஒரு ரயரும் எரிக்காமல் ஒரு தேர்தல் வருடக்கணக்காகக் காணாமல் போனது.

மார்ச் 9 தவறிய பிறகு உள்ளூராட்சித் தேர்தலுக்கு 2023 ஏப்ரல் 25 என்று புதுத் திகதி குறித்தார்கள். ஏப்ரலில் அதுவும் கைவிடப்பட்டது. அந்த 25 ஆம் திகதி வடக்கு கிழக்கில் ஹர்த்தால், பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலத்துக்கு எதிராகத் தமிழ்க் கட்சிகள் அழைத்தது. யாழ்ப்பாண நகரில் கடைகள் பூட்டு, தனியார் பஸ் ஓடவில்லை. தேர்தல் நடந்திருந்தால் அன்றைக்கு அதே ஆட்கள் 7 மணிக்கே வரிசையில் நின்றிருப்பார்கள்.