ஏழு ஒன்றுகளும் ஒரு ரோஷமும்

தம்பியின் காரில் மீட்டர் 111110 கிலோமீட்டரைத் தொட்டதிலிருந்து வண்டிக்குள் பேச்சு மூச்சில்லை. அடுத்த கிலோமீட்டரும் ஓடி முடிந்ததும் ஓரங்கட்டிவிட்டு, மீட்டரை விதவிதமான கோணங்களில் படம் எடுத்தான். பெற்ற மகளைக்கூட இவ்வளவு பொறுமையாக எடுத்ததில்லை.

"என்ன கம்பீரம் பார் அக்கா! நிச்சயம் இது பகா எண்தான்."

மகள் பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினாள். "இலக்கங்களைக் கூட்டினால் ஆறு. மூன்றால் வகுபடும் அப்பா."

அதோடு விட்டாளா? 111-ஐ 1001-ஆல் பெருக்கினால் இந்த எண். 111 என்பது 3 × 37. 1001 என்பது 7 × 11 × 13. அப்பாவின் கம்பீரத்தை ஐந்து துண்டாக்கிக் கையில் கொடுத்துவிட்டாள்.

தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னும் ஒரு ஒன்றைச் சேர்த்துக்கொள். 1111111. இதை உடை, பார்க்கலாம்!" சொன்ன கையோடு போனை எடுத்து 3, 7, 11, 13 என்று தானே வகுக்க ஆரம்பித்தான். ஒவ்வொன்றிலும் மீதி விழுந்தது. நூறு வரை வந்ததும் "அவ்வளவுதான், பகா எண்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். இதன் வர்க்கமூலம் 1054-ஐத் தாண்டும். அதுவரை பார்க்காமல் தீர்ப்பு செல்லாது. சொன்னால் கேட்கிற ஆளா?

அவளோ போனைத் தொடவே இல்லை. ஒன்றுகளின் எண்ணிக்கையான ஏழு ஒரு பகா எண். ஆகவே இதன் பகாக் காரணி எதுவானாலும், அதால் 10, 100, 1000 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் ஏழுக்கு ஒருமுறை திரும்பிவரும். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, அந்தக் காரணியில் ஒன்றைக் குறைத்த எண்ணிக்கைக்கு ஒருமுறையும் மீதிகள் திரும்பிவந்தே தீரும்; ஆகவே அந்த எண்ணிக்கை ஏழால் வகுபட்டாக வேண்டும். காரணி ஒற்றைப்படை எண் என்பதால், ஒன்று குறைந்தால் இரட்டைப்படை; எனவே பதினான்காலும் வகுபடும். அதனால் 29, 43, 71, 113, 127, 197, 211 என்று தாவித் தாவிப் போனால் போதும். அடுத்தது 239. மீதி பூஜ்யம்! ஈவு 4649. அதுவும் பகா எண்தான்.

239 எனக்குப் பழைய சிநேகிதம். 1706-இல் ஆங்கிலேயக் கணிதர் ஜான் மேச்சின், வட்டத்தின் π (பை) மதிப்பை நூறு தசம இடங்கள் வரை கணக்கிட்ட சூத்திரத்தில், 1/5-க்குப் பக்கத்தில் 1/239 உட்கார்ந்திருக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அங்கே கேட்க ஆளில்லை.

"அப்படியானால் வெறும் ஒன்றுகளால் ஆன பகா எண்ணே கிடையாதா?" என்றான் தம்பி, குரல் இறங்கி.

"11 இருக்கிறதே. அதற்கு அடுத்தது பத்தொன்பது ஒன்றுகள்."

"மீட்டரில் அது எப்போது வரும்?"

அவள் இப்போதுதான் போனை வாங்கினாள். "ஏறத்தாழ 1 லட்சத்து 17 ஆயிரம் ஒளியாண்டு ஓட்ட வேண்டும் அப்பா."

அவன் சற்று யோசித்துவிட்டு, "அதற்குள் டயர் மாற்ற வேண்டியிருக்கும்" என்றபடி வண்டியைக் கிளப்பினான்.