தண்டுவட இரத்தக்கட்டுக்கு அறுவையில்லாச் சிகிச்சை: தேர்வுக்குப் படித்த முறை

முதுநிலை மருத்துவத் தேர்வுக்காக, தானாக ஏற்படும் தண்டுவட எபிடியூரல் இரத்தக்கட்டை (தண்டுவட உறைக்கு வெளியே இரத்தம் தேங்கித் தண்டுவடத்தை அழுத்தும் நோயை) படித்தபோது, மருந்துகளின் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, நோயாளியின் கைகால் வலிமை மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்பதிலிருந்து தொடங்கினேன். அறுவை செய்வதா, காத்திருப்பதா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் அரிய நோய் இது. கழுத்திலோ முதுகிலோ திடீரென்று கடும் வலி எழுந்து, சில மணி நேரத்தில் கைகால் தளர்ந்தால் இதை நினைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருந்தால் மூளைப் பக்கவாதம் என்றே தோன்றும். அப்படி எண்ணி இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் கசிவு பெருகிவிடும் என்பதால், கழுத்துவலி இருந்ததா, முகத்தசை தப்பியதா என்ற இரண்டையும் விடைத்தாளில் தவறாமல் எழுதுங்கள். நோயை உறுதிசெய்வது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

பாதிப்பு கடுமையாக இருந்தாலோ கூடிக்கொண்டே போனாலோ, அவசரமாக லாமினெக்டமி (முதுகெலும்பின் பின்புறத் தகட்டை நீக்கும் அறுவை) செய்து இரத்தக்கட்டை அகற்றுவதே வழக்கமான சிகிச்சை. பாதிப்பு லேசாக இருப்பவர்களுக்கும், முதல் சில மணி நேரத்திலேயே வலிமை திரும்பத் தொடங்கியவர்களுக்கும், அறுவையின் ஆபத்து மிக அதிகமாக உள்ளவர்களுக்கும் மட்டுமே அறுவையில்லா வழியைக் கருதலாம். எபிடியூரல் வெளியில் இரத்தம் மேலும் கீழுமாகப் பரவி, நரம்பு வெளியேறும் துளைகளின் வழியாகவும் கசிந்து, தண்டுவடத்தின் மீதான அழுத்தம் குறைவதே இந்தத் தானான மீட்சிக்குக் காரணமாகக் கருதப்படுகிறது. இந்த விளக்கத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் நினைவில் நிற்கும்.

சிகிச்சைப் பகுதியில் இரத்த உறைவைச் சரிசெய்வதற்கு, அதாவது உறைதலைத் தடுக்கும் மருந்தையோ நோயையோ அதற்குரிய மாற்று மருந்தால் ஈடுசெய்வதற்கு, முதலிடம் கொடுங்கள். வார்ஃபரின் எடுப்பவருக்கு வைட்டமின் கே-யுடன் புரோத்ராம்பின் காம்ப்ளெக்ஸ் (உறைவுக் காரணிகளின் செறிவு), ஹெப்பாரினுக்குப் புரோட்டமின், டாபிகாட்ரனுக்கு இடாருசிஸுமாப், பிறவி உறைவுக் குறைபாடான ஹீமோஃபிலியா ஏ உள்ளவருக்கு எட்டாம் உறைவுக் காரணி என்று இணை இணையாக எழுதிப் பழகியது எனக்கு மிகவும் உதவியது. ஸ்டீராய்டு சிலரால் கொடுக்கப்பட்டாலும், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். வலி நிவாரணம், இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, படுக்கைப்புண் தடுப்பு ஆகியவற்றுக்கு ஒரு வரி போதும்.

வாய்மொழித் தேர்வுக்கு நானே ஒரு கண்காணிப்புத் தாளை வரைந்து பயின்றேன்: நேரம், ஒவ்வொரு தசைக்குழுவின் வலிமை, உணர்வு மட்டம், ஆசனவாய்ச் சுற்றுணர்வு, சிறுநீர் கழித்தபின் தங்கும் அளவு. 0 முதல் 5 வரையான வலிமை அளவில், காலை 6 மணிக்கு 4 ஆக இருந்த இடுப்பு மடக்கும் வலிமை 8 மணிக்கு 3 ஆனால் என்ன செய்வீர்கள் என்று தேர்வாளர் கேட்டால், அறுவை மருத்துவரை உடனே அழைத்து, எம்.ஆர்.ஐ.-க்கு அனுப்பும்போதே அறுவை அரங்கையும் ஆயத்தப்படுத்துவேன் என்று தயங்காமல் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாத மருத்துவமனையில் நோயாளியை வைத்துக்கொண்டு காத்திருப்பது சரியான சிகிச்சை ஆகாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே எழுத வேண்டிய முதல் விடை, நோயாளியை உடனே மாற்றி அனுப்புவது.